ஊர் கேட்டு ஊற்றிய கடை

திருப்பூரில் என் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் அந்தக் கள்ளுக்கடைப் பேச்சு எப்படியாவது வந்துவிடும். நொய்யல் பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில், தாழ்ந்த ஓட்டு வீடு ஒன்றில் இருந்த கடை. அப்படி ஒரு கள் இனி எந்த ஜென்மத்தில் கிடைக்கும் என்று ஒருவர் ஆரம்பிப்பார். கடைக்காரரைப் போல மரியாதை தெரிந்த மனுஷன் உண்டா என்று இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். நான் அந்த நேரத்தில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வேன். ஒரு காலத்தில் இவர்கள் எல்லாரையும்விட அந்தக் கடையைப் பற்றி அதிகம் அளந்தவன் நான். ஊரில் பாதிப் பேரை அங்கே கூட்டிக்கொண்டு போனதே நான்தான். அதில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாது.

கடைக்காரரின் அப்பா காலத்திலேயே அது கள்ளுக்கடை. மதுவிலக்கு வந்த பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் பருத்திக்கொட்டை மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். எழுபதுகளின் ஆரம்பத்தில் அரசாங்கம் மறுபடியும் கடைகளைத் திறக்க விட்டதும், மகன் மூட்டைகளை வெளியே தள்ளிவிட்டுக் கூட்டிப் பார்த்தாராம். பானை உட்கார அப்பா மண்மேடையில் தோண்டிய குழிகள் அப்படியே இருந்தனவாம். அதே குழிகளில் புதுப் பானைகளை வைத்துவிட்டார். உள்ளே இரண்டே பெஞ்சு. எட்டுப் பேர் உட்கார்ந்தால் ஒன்பதாவது ஆள் நின்றுகொண்டுதான் குடிக்க வேண்டும். நிற்கிறவர் கொஞ்சம் உயரமாக இருந்துவிட்டால் உத்தரத்தில் தலை இடிக்கும்.

மற்றக் கடைகளில் வருகிற கள்ளையெல்லாம் ஒரே அண்டாவில் கவிழ்த்து, தண்ணீரும் இன்னும் என்னென்னவோ கலந்து, கேட்கிறவனுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இவர் கலக்க மாட்டார். எந்த ஊர் மரத்துக் கள்ளோ அது அந்த ஊர்ப் பானையில்தான் இருக்கும். பானையின் வயிற்றில் சுண்ணாம்பால் ஊர்ப் பெயர் எழுதியிருப்பார். குண்டடத்துப் பனங்கள் மழை காணாத மண்ணில் நின்ற மரத்துடையது. நாக்கில் பட்டதும் சுரீர் என்று இழுக்கும். குன்னத்தூர்த் தென்னங்கள் காலை நேரத்தில் இளநீர் போலவே இருக்கும், மதியத்துக்கு மேல்தான் தன் குணத்தைக் காட்டும். முதலிபாளையம் பக்கத்துப் பள்ளத்தில் இறக்கிய ஈச்சங்கள் சில மாதங்கள் மட்டும் வரும். எப்போதாவது ஒரு கிழட்டு வேப்பமரத்தில் தானாகப் பால் வடிந்தால் அந்த வேப்பங்கள்ளும் ஒரு சீசாவில் வந்து சேரும். அதை அரை டம்ளருக்கு மேல் யாருக்கும் தரமாட்டார். மருந்து என்பார். பன்னாடையில் வடிகட்டி, கண்ணாடிக் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அதில் தேனீயின் இறகுகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் கையில் கொடுப்பார்.

ஆனால் அந்தக் கடையின் பெயரை ஊரெல்லாம் பரப்பியது கள் மட்டும் அல்ல. புதிதாக ஒருவர் உள்ளே வந்தால் என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்க மாட்டார். "ஏனுங்க, எந்த ஊருங்க? ஊர்ல எந்தப் பக்கமுங்க?" என்றுதான் கேட்பார். பதிலைக் கேட்டுக்கொண்டு அந்த ஊர்ப் பானையையோ, அதற்குப் பக்கத்து ஊர்ப் பானையையோ திறப்பார். சொந்த மண்ணின் கள் முதலில் வயிற்றில் இறங்கினால்தான் மற்றது உள்ளே தங்கும் என்பது அவர் கணக்கு. கிழக்கால் கிணறெல்லாம் சப்பைத் தண்ணீர், மேற்கால்தான் நல்ல தண்ணீர் என்று நம் ஊரைப் பற்றி நமக்கே பாடம் நடத்துவார். பக்கம் கேட்பது இதற்காகத்தான் என்று நானும் நம்பினேன். கல்கத்தாவிலிருந்து பனியன் வாங்க வந்த ஏஜென்ட் ஒருவரை அழைத்துப் போனபோது அவருக்கு எந்தப் பானையைத் திறப்பது என்று தெரியாமல் கடைக்காரர் திகைத்துப்போய், கடைசியில் ஈச்சங்கள்ளை ஊற்றிக் கொடுத்தார். அதைப் பத்து நாள் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

கடைக்குப் பின்புறம் ஒரு வேலி. வேலி ஓரமாக ஒரு கொம்பில் கொட்டாங்குச்சிகள் வரிசையாகக் கவிழ்த்து மாட்டியிருக்கும். பின்சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகக் கடைக்காரர் கையை நீட்டி ஊற்றுவார், அந்தப் பக்கம் குந்தியிருக்கிறவர்கள் கொட்டாங்குச்சியில் வாங்கிக் குடிப்பார்கள். காற்றாட இருப்பதில் விருப்பமுள்ளவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுகூடப் பொய். ஒரு வருஷம் பார்த்தேன், நினைக்கவே இல்லை.

அப்போது நான் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அதே கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர்தான் நான் சொல்ல வந்தவர். குண்டடம் பக்கத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். அவர் மிஷினிலிருந்து வரும் துணியில் ஓட்டை தேடினால் கண்தான் வலிக்கும், கிடைக்காது. மூன்று வருஷம் நாங்கள் மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் மனைவி கொள்ளுப்பருப்பு கடைந்து கொடுத்தனுப்பும் நாளில் அவர் தூக்குப்போசி என் பக்கம் வந்துவிடும், என்னுடையது அவர் பக்கம் போய்விடும். அவர் என்ன ஆள், எந்தச் சாதி என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதை ஒரு பெரிய பெருமையாக மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் ஒரு முறை அவர், சின்ன வயதில் ஊர்த் தேரோட்டத்தை ஓடைக்கு அந்தப் பக்கம் தன் வீட்டருகே நின்ற பெரிய புளியமரத்தில் ஏறித்தான் பார்ப்பேன் என்று சொன்னார். தேர் ஓடுகிற தெருவுக்கே போகாமல் எதற்காக மரத்தில் ஏறிப் பார்த்தீர்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பையன் என்றால் மரம் ஏறத்தானே செய்வான் என்று இருந்துவிட்டேன்.

அவருக்கு வீடு பார்த்துக் கொடுத்ததும் நான்தான். என் மாமனாருக்கு டவுனுக்குள் ஆறு வீடுகள் கொண்ட ஒரு லைன் இருந்தது. முன்னால் பொதுக்குழாய், மூன்றாவது தெருவில் முனிசிபல் பள்ளிக்கூடம். அவருடைய பெண் குழந்தைக்கு அப்போது ஐந்து முடிந்திருந்தது. ஊரில் இருந்தால் இவள் ஆடுதான் மேய்ப்பாள், இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டால் படித்துவிடுவாள் என்று அவர் என்னிடம் பல முறை சொல்லியிருந்தார். நாலைந்து இடத்தில் வீடு கேட்டுக் கிடைக்காமல் திரும்பியிருந்தார். மாமனார் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, யாருங்க மாப்ள அவுங்க என்பது. நம்ம பக்கத்து ஆளுங்கதான் மாமா என்றேன். எதை நம்பி அப்படிச் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் பதில் ஒன்றுதான். எனக்குப் பிடித்த மனுஷன், சுத்தமாக இருக்கிற மனுஷன், அதனால் நம்ம ஆளாகத்தான் இருக்க வேண்டும். கேட்காத லட்சணம் அவ்வளவுதான். குழந்தை பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். இரண்டு வருஷத்தில் முதல் வகுப்பைத் தாண்டி இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பித்துக் காட்டுவாள்.

கடை திறந்த நாளிலிருந்து அவரையும் அங்கே கூப்பிட்டேன். வயிற்றுக்கு ஆகாதுங்க என்றார். இன்னொரு முறை கிருத்திகை விரதம் என்றார். பிறகு, வீட்டில் திட்டுவாங்க என்றார். இந்தக் கடைசிக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு நான் அவரைப் படுத்தாத பாடு இல்லை. பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று கம்பெனி முழுக்கப் பேர் கட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே மிஷினைத் துடைப்பார். ஒரு வருஷம் இப்படித் தப்பித்தார்.

ஆயுத பூஜைக்கு மிஷின்களுக்கெல்லாம் மாலை போட்டு, பொரி கடலை கொடுத்து, மத்தியானத்தோடு கம்பெனியைச் சாத்தினார்கள். இன்றைக்கு உங்கள் ஊர்க் கள்ளைக் குடிக்காமல் விடமாட்டேன் என்று அவர் கையைப் பிடித்தேன். விளையாட்டுக்குத்தான் பிடித்தேன், ஆனால் விடவில்லை. பாலம் வரைக்கும் வேண்டாம் மாஸ்டர், வேண்டாம் மாஸ்டர் என்றே வந்தார். பாலத்தைத் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டார். சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

உள்ளே ஐந்தாறு பேர் இருந்தார்கள். கடைக்காரருக்கு என்னைக் கண்டால் எப்போதும் சந்தோஷம். வாங்க கண்ணு என்று சொல்லி, கேட்காமலே குன்னத்தூர்ப் பானையிலிருந்து எனக்கு ஊற்றிக் கொடுத்தார். பிறகு இவர் பக்கம் திரும்பி வழக்கமான கேள்வியைக் கேட்டார். குண்டடமுங்க என்றார் இவர். கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. இன்றைக்குத்தான் நல்ல சரக்கு வந்திருக்கிறது என்று ஒரு கிளாஸைக் கழுவி எடுத்துக்கொண்டு, ஊரில் எந்தப் பக்கம் என்றார். கெழக்காலீங்க என்று இவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

எதிர்ப் பெஞ்சில் ஒரு மாட்டுத் தரகர் உட்கார்ந்திருந்தார். சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த மனுஷன், என் மாமனாருக்கும் பழக்கம். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தானும் அந்தப் பக்கம்தான், கிழக்கால் யார் வீடு என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்டதாகத் தெரியவில்லை. ஊர்க்காரரைக் கண்டால் எல்லாரும் கேட்பதுதான். இவர் வாசலைப் பார்த்தார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். என் பெருமைக்குரிய கடையில், நான் கூட்டிவந்த ஆள் இப்படி மக்குப் போல நிற்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அவருக்குப் பதிலாக நான் சொன்னேன்.

"இதுக்குப் போயி ஏனுங்க கூச்சம்? ஓடையத் தாண்டி ஒரு பெரிய புளியமரம் நிக்குமாமுங்க. அதுக்குப் பக்கத்துலதானுங்க இவுங்க ஊடு."

ஓடைக்கு அந்தப் பக்கம் யார் குடியிருந்தார்கள் என்பது அந்தப் பெஞ்சில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தரகர் இவரை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்துவிட்டுத் தன் வேட்டியை இழுத்து ஒதுக்கிக்கொண்டார். கடைக்காரர் கையிலிருந்த கிளாஸை, கழுவின ஈரம் சொட்டச் சொட்ட, மறுபடியும் பலகையில் கவிழ்த்து வைத்தார். கோபப்படவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. பின் ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "பின்னால வா," என்றார்.

அந்தக் கடையில் 'ங்க' இல்லாமல் ஒரு வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போதுதான் எனக்கு எல்லாமே விளங்கியது. கொட்டாங்குச்சி விளங்கியது, ஜன்னல் விளங்கியது, எந்தப் பக்கம் என்ற கேள்வி எதற்கு என்பது விளங்கியது. புளியமரத்தில் ஏறித் தேர் பார்த்ததும் விளங்கியது. இவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரா, சொல்லாமல் இருந்தால் போதும் என்று பார்த்தாரா, எனக்குத் தெரியாது. என் கையில் பாதிக் கிளாஸ் கள் இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதை எடுத்துக் குடித்தேன்.

இவர் பின்பக்கம் போகவில்லை. வந்த வாசல் வழியாகவே, குனிந்து, நிதானமாக வெளியே போனார். நானும் உடனே எழுந்து போயிருக்கலாம். கிளாஸை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வெளியே வந்தபோது அவர் பாலத்தைத் தாண்டிப் போயிருந்தார்.

மறுநாள் அவர் வேலைக்கு வந்தார். எப்போதும் போல மாஸ்டர் என்று கூப்பிட்டார். மதியம் மட்டும் மிஷினுக்கு அந்தப் பக்கமாகத் தனியே உட்கார்ந்து சாப்பிட்டார். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் குடி முழுகிப் போயிருக்காது. பத்தடி தூரம்தான். கம்பெனியில் நாலு பேர் பார்ப்பார்களே என்று இருந்த இடத்திலேயே இருந்து சாப்பிட்டு எழுந்தேன்.

ஒரு வாரத்துக்குள் மாமனார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். தரகர் சொல்லியிருக்கிறார். மாமனார் நல்ல மனுஷன்தான். பழனிக்கு வருஷம் தவறாமல் நடந்து போகிறவர், தெருவில் யார் கஷ்டம் என்றாலும் முதலில் போய் நிற்கிறவர். லைனில் மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் குழாயில் தண்ணீர் பிடிக்க மாட்டோம் என்கிறார்கள் என்றார். பிறகு, "நம்மாளுங்கதான்னு நீங்கதானுங்களே மாப்ள சொன்னீங்க," என்றார்.

இரண்டு வருஷமாக அதே குழாயில்தானே எல்லாரும் பிடித்தார்கள், யாருக்கு என்ன வந்துவிட்டது என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்தக் குழந்தை பரீட்சை எழுதுகிற வரைக்குமாவது விடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரியாதுங்க மாமா என்றேன். அது உண்மைதான். என் வாயிலிருந்து அதைவிடக் கேவலமான ஒரு வாக்கியம் அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. தெரிந்திருந்தால் நானே அவருக்கு அந்த வீட்டை வாங்கிக் கொடுத்திருக்க மாட்டேன் என்பதைத்தான் அதில் சொல்லிவிட்டு வந்தேன்.

காலி செய்யச் சொல்லும் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். குழந்தை வாசற்படியில் உட்கார்ந்து சிலேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து நின்று என்னை உள்ளே கூப்பிட்டார். வழி நெடுக யோசித்து வைத்திருந்த பொய்யைச் சொன்னேன். என் மச்சினனுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது, புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாக இருக்க வீடு வேண்டும் என்று மாமனார் நினைக்கிறார் என்றேன். மச்சினனுக்கு அப்போது பதினேழு வயது. அது அவருக்கும் தெரியும்.

"ஆமாங்க மாஸ்டர், கல்யாணம்னா ஊடு வேணுமில்லீங்களா," என்றார் அவர். எந்த மாசம் முகூர்த்தம் என்றுகூடக் கேட்டார். நான் தடுமாறியபோது, தையில்தான் இருக்கும் என்று அவரே எடுத்துக் கொடுத்தார். என் பொய் கீழே விழாமல் இருக்க அவர்தான் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அந்த நிம்மதியை அவர் எனக்குத் தரவில்லை. ரெயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசை பார்த்திருப்பதாகச் சொன்னார். அங்கிருந்து பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். இவளை ஊருக்கே அனுப்பிவிடப் போகிறோம் என்றார். தண்டவாளத்தைத் தாண்டி அத்தனை தூரம் சின்னப் பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது, கொண்டுபோய் விட இரண்டு பேருக்கும் நேரம் இல்லை என்றார். குழந்தை சிலேட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினாள்.

அவர் மனைவி அதுவரை அடுப்புப் பக்கம் முகத்தைக் காட்டாமல் பாத்திரங்களை ஒரு சாக்கில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பி வாசலுக்கு வந்தபோது பின்னால் வந்து நின்றார். மூன்று வருஷம் அந்தம்மா கை சமையலைச் சாப்பிட்டவன் நான். ஆனால் நேராக நின்று பேசியது அன்றைக்குத்தான். அவர் வேண்டாம் என்றும் கேட்காமல் நான் கடைக்கு இழுத்துக்கொண்டு போனதும், மனைவிக்குப் பயந்தவர் என்று அவரைக் கேலி செய்ததும் அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புருஷன் கையைக் காட்டித் தடுத்தார். அந்தம்மா நிற்கவில்லை.

"ஏனுங்ணா, இவரையும் கூட்டிக்கிட்டுப் போகாட்டி உங்களுக்குக் கள்ளு எறங்காதுங்களா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். புதன்கிழமை ஒரு தள்ளுவண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். போவதற்கு முன்னால் அந்தம்மா வீட்டை மெழுகி, குழாயடியைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போனதாக மாமியார் சொன்னார். அதற்குப் பிறகும் மாமனார் அந்த வீட்டுக்கு இரண்டு முறை வெள்ளை அடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வாங்க கண்ணு என்றார். நானும் பெஞ்சில் உட்கார்ந்து, கிளாஸை வாங்கிக் குடித்தேன். நன்றாகவே இறங்கியது.